எடைமேடை

டர்பன் துறைமுகத்தில் சர்க்கரை ஏற்றி வரும் லாரிகளுக்குப்
பத்தொன்பது வருஷமாய் எடை போடுகிறேன்.
மொத்தம், வெற்று, நிகரம்.
ஒரு சீட்டு, என் கையெழுத்து.
ஐம்பத்தாறு டன்னுக்கு மேலே என்றால் வண்டியைத் திருப்பு.
இருநூறு ராண்டை மடித்து நீட்டியவர்களையும்
அதே வழியில்தான் திருப்பினேன்.

என்னைத் திருப்பியது வேறு கணக்கு.

இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனுக்கு
ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த தொகை
இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்.
மயக்க மருந்து கொடுப்பவர் தனி.
சாட்ஸ்வர்த் வீட்டின் மேல் இன்னும் ஒன்பது வருஷக் கடன்.
கிருபேந்திரன் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்
தேநீர் போடப் போனான்,
எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல்.

மெடிக்கல் எய்ட் கட்டும் என்றார்கள்.
கட்டும்,
உடல் நிறை எண் நாற்பதைத் தொட்டால்.
இல்லையேல் முப்பத்தைந்தும், கூடவே இரண்டு வியாதியும்.
முழங்கால் வலி வியாதியில் சேராது.
என் ரத்தச் சர்க்கரை இன்னும் வாசலில்தான் நிற்கிறதாம்,
உள்ளே வரட்டும், பிறகு பேசலாம்.
எல்லாம் கூடி வந்தாலும்
முதல் முப்பதாயிரம் என் தலையில்.

ஆறு மாதம், உணவு நிபுணரிடம் மாதம் ஒரு கையெழுத்து.
மனநல மருத்துவரிடம் இரண்டு மணி நேரம்.
"உங்கள் தட்டோடு உங்களுக்கு என்ன சண்டை?"
தட்டோடு இல்லை டாக்டர்,
பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டோடு,
ராத்திரி பதினொன்றுக்குத் திறந்திருக்கும் ஒரே கடையின்
பீன்ஸ் பன்னியோடு.
அதையும் எழுதிக்கொண்டார். அதற்கும் பில் வந்தது.

நூற்றாறில் ஆரம்பித்தேன்.
சொன்னபடி கேட்டேன்.
ரொட்டியை விட்டேன். பன்னியை விட்டேன்.
புரட்டாசி விரதம் முடிந்து
தெருவே கறிக்கடை வரிசையில் நின்ற சனிக்கிழமை
வேகவைத்த கோஸைத் தின்றேன்.
ஆறாம் மாதம் நூற்றொன்று.
என் உயரத்துக்கு அது முப்பத்தொன்பதரை.

போனில் ந்தோம்பிஃபுத்தி என்று ஒரு பெண்.
குரல் நல்ல குரல்.
"வாழ்த்துகள் மா, நன்றாக இளைத்திருக்கிறீர்கள்.
அதனால் விண்ணப்பம் தகுதி பெறவில்லை."
இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள்.
பின்னால் யாரோ சிரித்தார்கள், வேறு எதற்கோ.
மறு எடை போட்டு முறையிடலாம், எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.
லாரிச் சீட்டின் முதுகில் எழுதினேன்,
பதினோரு இலக்கம்.

அன்று ராத்திரி மேடை காலி.
கூண்டைவிட்டு இறங்கிப் போய்
பதினெட்டு மீட்டர் இரும்பின் நடுவில் நின்றேன்.
ஜன்னலுக்குள் பச்சையாய் ஓர் எண்: 100.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
என் ஒரு கிலோ அதற்குத் தூசி.
கடல் காற்றில் வெல்லப்பாகு வாடை.
பசித்தது.

மறு எடைக்கு ஷிஃப்டிலிருந்து நேராகப் போனேன்.
காலில் இரும்பு முனை வைத்த பூட்ஸ்.
உணவு நிபுணர் ரஹீமா காஜீ
தராசைப் பார்த்தாள். பூட்ஸைப் பார்த்தாள்.
எங்கள் சீட்டில் ஒரு கட்டம் உண்டு:
ஓட்டுநர் உள்ளேயா, வெளியேயா?
அவள் படிவத்தில் அப்படி ஒன்றும் இல்லை.
கழற்றுங்கள் என்று அவள் சொல்லவில்லை.
கயிற்றை நான் அவிழ்க்கவில்லை.
நூற்றிரண்டு புள்ளி ஆறு.

பதினாலு வேலை நாள் என்றார்கள்.
ஒன்பது போயிற்று.

இன்று காலை எம்பங்கேனியிலிருந்து ஒரு லாரி.
ஐம்பத்தாறாயிரத்து முந்நூறு.
"முந்நூறு கிலோதானே, மா," என்றான் பையன்.
நோட்டை நீட்டவில்லை. சும்மா கேட்டான்.
முதல் தடவையாக
அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் ஹாரன்.
பொத்தானை அழுத்தினேன். முந்நூறும் சேர்ந்தே அச்சில் விழுந்தது.
சீட்டை வாங்கும்போது என் முகத்தைப் பார்த்தான்.
நான் மேசைக்கடியில்
பூட்ஸை உள்ளே இழுத்துக்கொண்டேன்.