அரைப்பேர்

மறு அறிவிப்பு வரும்வரை பள்ளி மூடப்படுகிறது என்று
கேட்டில் ஒட்டியிருந்ததை
நிரோஜினி எனக்கு வாசித்துச் சொன்னாள்.
எனக்கும் மறு அறிவிப்புக்கும் பழைய கணக்கு ஒன்று பாக்கி.

பதுளையில் மூன்றாம் வகுப்பு.
எட்டும் ஏழும் பதினைந்து,
ஐந்தைப் போட்டு
ஒன்றைக் கையில் வைத்திருந்தேன்.
இரண்டு வாரத்தில் திறக்கும் என்றார்கள்.
அதற்குள் லயத்துக்குத் தீ வைத்தார்கள்.
தலைமன்னார், கப்பல், மண்டபம்,
பிறகு இந்தச் சேரம்பாடிக் குளிர்.
இங்கே சேர்க்க மாற்றுச் சான்றிதழ் கேட்டார்கள்.
எரிந்த பள்ளிக்கூடம் எங்கே முத்திரை குத்தும்?
பன்னிரண்டு வயதில் கூடை கட்டினேன்.
அந்த ஒன்று
இன்னும் கையிலேயே இருக்கிறது.

வீடு நிற்கிற மண்மேல் வழக்கு.
வழக்குள்ள மண்ணுக்குக் கரண்ட் கிடையாது;
கம்பி பக்கத்து வளைவோடு நின்றுவிட்டது.
நோய்க்காலத்திலும் ஃபேக்டரி ஓடியது.
காலையில் கொழுந்தோடு ஃபோனும் போகும்,
வாட்ச்மேன் குஞ்ஞாலி அதைச்
சாக்கு அடுக்குக்குப் பின்னால் செருகி வைப்பார்.
மத்தியானம் எடுத்தால் தேயிலைத் தூள் வாசம்,
எழுபது சதவீதம்.

டவர் கிடைப்பது கழுகுப்பாறை உச்சியில் மட்டும்.
ஒரு ஃபோன், ஐந்து பிள்ளைகள்.
பணியர் குடியிலிருந்து மாறன் வருவான்,
ஆறாம் வகுப்பு, மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு.
ஜோகி சார் குரல் முதலில் வரும்,
படம் பிறகு வரும், சில நாள் வராது.
பாடத்துக்கு நடுவே அதே ஃபோனில்
யானை குரூப்காரர்கள் கத்துவார்கள்:
ரெண்டு கொம்பன், ஒரு குட்டி,
பதினோராம் காட்டை விட்டு இறங்குது.

அதனால்தான் நான்.
பாறையடியில் எண்ணெய்த் தகரமும் ஒரு கட்டையும்,
கண் ஈட்டி மரங்களுக்குள்.
ஒரு தடவை நிஜமாகவே வந்தது.
தட்டினேன்.
வந்த வழியே போகவில்லை,
நின்று கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தது.
மேலே ஜோகி சார்
வேதிப் பிணைப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.
அது என்னவென்று யானைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
பிள்ளைகள் அசையவில்லை.

கங்காணி சொன்னார்:
மத்தியானத்தோட போனா அரைப்பேர்தான் விழும், பாக்கியலெட்சுமி.
ஒரு வாரமா? ரெண்டு வாரமா?
மறு அறிவிப்பு வரும்வரை என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

நேற்று மூடுபனி.
பாறையே தெரியவில்லை, குரல்தான் கேட்டது.
சார் வருகை எடுத்தார்.
நிரோ,
என்றதோடு டவர் போய்விட்டது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு பனிக்குள்ளிருந்து மாறன்
ஜினி, ஜினி என்று
மீதிப் பெயரைக் கத்தினான்.
உள்ளேன் ஐயா என்றாள்.
யாருக்குக் கேட்டதோ.

சாயங்காலம் செக்ரோலில்
என் பெயருக்கு நேரே கங்காணி பாதிக்கோடு இழுத்தார்.
சரியா என்று கேட்டார்.
சரி என்றேன்.