மிச்சம்

லெ க்ருவாசிக்கில்
பெரிய குப்பைகளை வாசலில் வைக்கும் நாள்
மாதம் ஒருமுறை வரும்.
யாரோ ஒரு குளியலறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள்;
கண்ணாடியில் சோப்புத் திட்டு, கீழ்க்கீல் உடைசல்.
தோளில் தூக்கிக்கொண்டு துறைமுகம் வழியே நடந்தேன்.
அதனூடே பார்த்தால்
கடல் குளிக்கப் போவதுபோல் இருந்தது.

நான் படகுகளுக்கு பாட்டரி பார்ப்பவள்.
பாட்டரிக்குத் தாகம் எடுக்கும்.
குழாய்த் தண்ணீர் ஆகாது, சுண்ணாம்பு படியும்;
காய்ச்சி வடித்ததுதான் வேண்டும்.
சூப்பர் மார்க்கெட்டில் ஐந்து லிட்டர் மூன்று யூரோ.
பிறகு எதற்கு இந்த வேலை என்று
முதலாளி தியெரி கேட்டதற்கு
இன்னும் பதில் சொல்லவில்லை.

மரப்பெட்டி. உள்ளே கரும்பலகைப் பெயின்ட்.
இரண்டு விரற்கடை கடல்.
மேலே கதவு, சாய்வாக.
விளிம்பில் நெடுக்காகப் பிளந்த பிளாஸ்டிக் குழாய்,
குழாய் முடிகிற இடத்தில் ஜாம் பாட்டில்.
அவ்வளவுதான் எந்திரம். மீதி வேலை வெயிலுடையது.
இந்த ஊர் வெயிலோ
பாதி நாள் விடுப்பில் இருக்கும்.

முதல் வாரம் வடிந்தது பெயின்ட் வாசனை.
இரண்டாம் வாரம் சாய்வு போதவில்லை:
கண்ணாடியின் உள்பக்கம் மளமளவென்று வியர்த்தது,
துளிகள் ஒன்றையொன்று தொட்டுக் கனத்தன,
வழுக்கி வர மனமில்லாமல்
புறப்பட்ட கடலிலேயே விழுந்தன.
அரை நாள் குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.
பிறகு ஒரு செங்கல் வைத்து உயர்த்தினேன்.
உயர்த்திய அன்றே ஒரு கடற்காகம் எச்சமிட்டுப் போனது.

ஜூன் இருபத்தொன்று: அறுநூற்றுப் பத்து மில்லி.
மறுநாள் மேகம்: தொண்ணூறு.
அதற்கு மறுநாள்
நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு மட்டும்.

நோல்வென் ஊருக்குப் பின்னால் உப்பு வாருகிறவள்.
நீளக் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.
பெட்டி மூலையில் வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
"இதை என்ன செய்வாய்?"
"கழுவி ஊற்றுவேன்."
அவள் சிரித்த சிரிப்பில்
வரப்பில் நின்ற கொக்கு எழுந்து போனது.
"ஒரு கோடையில் என் பாத்திகளிலிருந்து
எவ்வளவு தண்ணீரை வானத்துக்குச் சும்மா விடுகிறேன், தெரியுமா?
ஒரு சொட்டைக்கூடப் பிடித்து வைக்கத் தோன்றியதில்லை."

அவளுக்கு என் மொழியில் ஒரு சொல் சொன்னேன்.
ஆவி.
சூடேறிய தண்ணீரிலிருந்து எழுவது;
செத்தவரிடமிருந்து போவது.
இரண்டும் ஒன்றா என்றாள்.
சொல் ஒன்றுதான்.
ஆனால் போன ஆவி திரும்பி வந்து
ஜாம் பாட்டிலில் சொட்டுவதை
இப்போதுதான் பார்க்கிறேன்.

குடித்துப் பார்த்தோம்.
காலி வீட்டில் நடப்பதுபோல்
தொண்டையில் இறங்கியது.
நோல்வென் முகம் சுளித்தாள்,
சட்டைப் பையில் துழாவி ஒரு கல் உப்பை எடுத்தாள்,
தம்ளரில் போட்டு விரலால் கலக்கினாள்.
மூன்று வாரமாக நான் பிரித்தது
மூன்று விநாடியில் சேர்ந்துவிட்டது.
"இப்போது தண்ணீர்" என்றாள்.

மிச்சம் பாட்டரிக்கு.
பழைய மத்திப் படகு ஒன்று, ஆறு மூடிகள்,
ஒவ்வொன்றிலும் தகடு முங்கும்வரை ஊற்றினேன்.
இரவு அது கிளம்பியபோது
இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை;
வயிற்றில் உப்பில்லாத கடல் கொஞ்சம்.

தியெரி கரையில் நின்று
"மூன்று யூரோ" என்றார்.
"ஆமாம்" என்றேன்.

வாளியில் கடலை மொண்டு
மறுபடி இரண்டு விரற்கடை ஊற்றினேன்.
ஈரத்துணியால் எச்சத்தைத் துடைத்தேன்.
கண்ணாடி குளிர்ந்திருந்தது.
வெயில் வர ஐந்து மணி நேரம் இருந்தது.