திறப்பு

பேர்லில் இரண்டு பட்டியலை ஒப்பிடுவது
பெரிய வித்தையில்லை.
ஒன்றை வரிவரியாகப் படித்து
ஒவ்வொரு பெயரையும் ஒரு திறப்பாக்கி
ஹாஷில் கொழுவிவிட வேண்டும்.
பெறுமதியாக ஏதாவது;
நான் ஒன்று என்றே போடுவேன்.
பிறகு மற்றப் பட்டியலோடு வந்து
இது இருக்கிறதா, இது இருக்கிறதா என்று கேட்டால்
கொளுக்கி நேரே பதில் சொல்லும்.
ஒரு பெயருக்காக
முடுக்கின் எல்லாக் கதவையும் தட்டத் தேவையில்லை.

முடுக்குத்தான் இப்போது இல்லை.
கொம்பனித்தெருவில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்,
முப்பத்துநாலாம் தோட்டம்.
உடைக்கமுன் எண்ணப்பட்டவர்கள் ஒரு கோப்பு,
மாடி வீடு ஒதுக்கப்பட்டவர்கள் இன்னொன்று.
முந்நூற்று எண்பத்தாறு குடும்பம்.
எனக்கு மூன்று நாள் ஒப்பந்தம்,
பேர வாவி மணக்கும் ஜன்னலோரம் ஒரு கதிரை.

முதல் ஓட்டத்தில்
முந்நூற்று எண்பத்தாறு பேரையும் காணவில்லை.
ரொஷாந்தி மிஸ் பிளேன்டீயைக் கீழே வைத்தா.
வரிக் கடைசியில் விண்டோஸ் ஒட்டிவிட்ட
கண்ணுக்குப் படாத ஓர் எழுத்து.
சுரண்டினேன். அறுபத்தொன்று.
ஒன்றில் துவான் ஜுனைதீன், மற்றதில் டி. ஜுனைதீன்.
ஒரே முருகையாவுக்கு
இங்கே ஓர் எழுத்துக் கூட, அங்கே குறைய.
ஹாஷுக்கு முகம் பார்க்கத் தெரியாது,
ஓர் இடைவெளி மிஞ்சினாலும் வேற்றாள்.
இடைவெளிகளை உதறினேன்,
புள்ளிகளைப் பொறுக்கினேன்,
மீந்த ஒன்பதைக் கையால் திருத்தினேன்.

புதன் மாலை பூச்சியம்.
வித்தியாசம் எதுவுமில்லை என்று
கையெழுத்து வைத்தேன்.
மாலுபாண் வாங்கித் தந்தா மிஸ்,
சூடாக, பேப்பரில் எண்ணெய் ஊற.

வெள்ளி, காசுக்காகப் போனபோது
கவுண்டரில் லூர்த்து செபமாலை, 34/17,
கையில் பழைய தண்ணீர் பில்.
"பேரு இருக்குன்னு ஃபோன்ல சொன்னாங்க.
திறப்ப எப்ப தருவீங்க?"

கிழமை முழுக்கத்
திறப்பு திறப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.
கோப்பைப் பார்த்தேன்.
பெயர். கமா. பிறகு ஒன்றுமில்லை.
மாடி இல்லை, கதவிலக்கம் இல்லை.
அந்த வெறுமையில்
நான்தான் ஒன்று போட்டிருந்தேன்,
எல்லாருக்கும் போட்டதுபோல.

இருக்கிறதா என்பது ஒரு கேள்வி.
இருப்பதற்குப் பெறுமதி உண்டா என்பது வேறு.
பேர்லில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது.
முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு
மாலுபாண் தின்றிருக்கிறேன்.

ஒரு வரி மாற்றி ஓட்டினேன். பதினேழு பெயர்.
செபமாலை பதினோராவது.
நம்பாமல் மறுபடி ஓட்டினேன், இப்போது நாலாவது.
ஹாஷுக்கு வரிசை கிடையாது,
ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் கொட்டும்.

அவவோ விடிய ஆறு மணிக்கு வந்து
முதலாவதாக நின்றவ.