இரண்டு கால் கேரட்

கேத்தி பாலாடாவில் இரவு இரண்டரை.
மிஷின் ஓடத் தொடங்கிவிட்டது.
சேறு அப்பிய மூட்டைகளை
டிரம்முக்குள் கவிழ்க்கிறான் யோகராசா.
இந்தப் பள்ளத்தாக்கில் இந்நேரம்
விழித்திருப்பது நாங்களும் காட்டுமாடும்.
கடவுள் விழித்திருக்கிறாரா
என்பதில்தான் இன்று பேச்சு வளர்ந்தது.

ஆறு நாளில் எல்லாம் முடித்துவிட்டு
ஏழாம் நாள் ஓய்ந்தார் என்கிறாள் மரியலீலா.
எங்களுக்கு ஞாயிறும் லோடு உண்டு,
விடியுமுன் மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கியாக வேண்டும்.
ஓய்ந்ததில் எனக்கு வருத்தமில்லை.
முடித்துவிட்டு என்கிறாளே,
அந்தச் சொல்தான் உறுத்துகிறது.

தண்ணீர் பீய்ச்சியதும்
சேறு விலகி முதல் ஆரஞ்சு தெரியும்.
எட்டு வருடமாகப் பார்க்கிறேன்,
இன்னும் கை ஒரு நொடி நின்றுபோகிறது.
அதற்கும் திட்டுவார் போஜன்.

என் வேலை பொறுக்கிப் போடுவது.
நேரானது மூட்டைக்கு.
வெடித்தது, முறுக்கியது, இரண்டு காலோடு பிறந்தது
கழிவுக் குவியலுக்கு.
என் இடது கையில் ஆறு விரல்.
அதிர்ஷ்டம் என்றார்கள்.
எந்த கிளவுஸிலும் அதற்கு இடமில்லை,
அதனால் இந்தக் குளிர்நீரில்
இடது கை மட்டும் வெறுங்கை.

கேரட் தானாகப் பிரிவதில்லை.
இறங்கும் வழியில் ஒரு கல் கிடந்திருக்கும்.
வேர் முட்டியிருக்கும்,
கொஞ்சம் நின்றிருக்கும்,
பிறகு இருபுறமும் போயிருக்கும்.
கல் வயலிலேயே தங்கிவிடுகிறது.
என் கைக்கு வருவது
கல் இருந்த சந்து.

கல்லை வைத்தது யார் என்று கேட்காதே மரியலீலா.
வைத்தவர் என்று ஒருவர் இருப்பதாக
எனக்குத் தோன்றவில்லை.
வழி அடைத்த பிறகும்
இறங்கியே தீர்வேன் என்று
அந்த இருட்டில் ஒரு பிடிவாதம் இருந்ததே,
அதைத்தான் நான் சாமி என்கிறேன்.
கோணல் நேர் அதற்குத் தெரியாது.
என்ன செய்கிறோம் என்பதும்
தெரியுமோ என்னவோ.
நம்மைப் போலவே அதுவும்
மண்ணுக்குள் தடவித் தடவி
இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

அவள் பதில் பேசவில்லை.
சிலுவை போட்டுக்கொண்டாள்,
எனக்கும் சேர்த்து ஒன்று.

குவியல் பக்கம் காட்டுமாடு வந்துவிட்டது.
மூச்சு புகைகிறது.
கால் முளைத்ததையெல்லாம்
நறுக் நறுக்கென்று கடிக்கும் சத்தம்
மிஷினையும் மீறிக் கேட்கிறது.
ஆறாவது விரல் மரத்துப்போச்சு.
ஸ்வெட்டருக்குள் விட்டு
கொஞ்ச நேரம் வயிற்றோடு வைத்துக்கொள்கிறேன்.

இன்னும் நாற்பது மூட்டை இருக்கிறது.