இரு வீட்டுக்குப் பொதுவான வளை

ஏழாம் நாள் காலை, பதினான்காம் எண் வீட்டின்
மேற்கறை மூலையில்
ஷஹ்ஹாத் கரணையை நிறுத்தினார்.
"வஸீமா, இங்கே சுவருக்கு வாய் இருக்கிறது."

இரண்டு விரல் நுழையும் வாய்.
என்னைக் கேட்காமலே நுழைத்துப் பார்த்தார்.
"இன்னும் சூடு ஆறவில்லை."
குழியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்,
குஃப்திலிருந்து வந்த மேஸ்திரி பதாரியைத் தவிர.
அவர் சிரிப்பது வியாழக்கிழமை, கூலி நாளில்.

இந்த ஊரில் அரசர் யாரும் புதையவில்லை.
ரொட்டி சுட்டவர்கள் இருந்தார்கள், செங்கல் அறுத்தவர்கள்,
கழுதையை இரவல் வாங்கித் திருப்பித் தராதவர்கள்.
கோயிலுக்குக் கல். வீட்டுக்கு வண்டல்.
நூறு வருடம் முன்பு உழவர்கள்
பழைய சுவர்களை வெட்டி எருவாக அள்ளிப் போனார்கள்;
பாதி ஊர் அப்படித்தான்
கோதுமையாக முளைத்துத் தின்னப்பட்டது.
மீதிப் பாதியில் எங்களுக்கு
இந்த ஓட்டை.

தூரிகையால் அதன் வாயைத் துடைத்தோம்.
முதலில் களிமண் வைத்து அடைத்திருக்கிறார்கள்,
வைக்கோல் கலந்து. கட்டைவிரல் ரேகை அப்படியே.
பக்கத்திலேயே புதிய ஓட்டை.
பிறகு கல். கல்லைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது.
பிறகு முடிச்சுப் போட்ட நார்த்துணி,
முடிச்சே கடிபட்டது.
கடைசியில் பானை ஓடு.
கோபத்தில் திணித்த ஓடு, ஓரம் சிதறியிருந்தது.

ஓட்டில் மை.

ஃபிக்ரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு
மூக்கருகே பிடித்து வாசித்தார்:
"பார்லி, இரண்டு மூட்டை. வாங்கியவன் ஹூய்.
அறுவடைக்குள் தருவதாக..."
மீதி சுவரோடு உரசித் தேய்ந்துவிட்டது.

மதியம் அவித்த அவரையும் ரொட்டியும் தின்றபடி
ஓட்டையை ஓட்டால் அடைத்தது யார் என்று சண்டை.
கடன் தீர்ந்தது, ஓடு வீண், அடைத்தான் என்றார் ஃபிக்ரி.
தீராது என்று தெரிந்தபின் அடைத்தான் என்றேன் நான்.
ஷஹ்ஹாத் வெங்காயத்தை முஷ்டியால் உடைத்தார்.
"இது ஹூயின் வீடு. திருடி வந்து ஒளித்திருக்கிறான்.
மளிகைக்கடை நாஜியின் கணக்கு நோட்டு
என் கையில் கிடைத்தால்
எந்த ஓட்டைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்."

பதாரி கையைத் துடைத்துக்கொண்டார். "தோண்டுங்கள்."

வளை சுவருக்குள் ஒரு முழம் போய்
இடப்பக்கம் திரும்பியது.
அந்தப் பக்கம் பதினைந்தாம் வீடு.
அங்கேயும் அடைத்திருந்தார்கள்,
அவர்கள் பக்கத்திலிருந்து, அவர்கள் களிமண்ணால்.
தனி வளை அல்ல.
இரு வீட்டாரும் எலியை
அடுத்த வீட்டுக்குள் பூட்டிவிட்டதாக நம்பிப் படுத்திருக்கிறார்கள்,
தலைமாட்டில் சுரண்டல் கேட்கும்வரை.
விடிந்ததும் தெருவில்
உங்கள் எலி, உங்கள் எலி என்று
ஒரு வார்த்தை தடித்திருக்கும்.

நடுவில், செங்கலின் கனத்துக்குள், கூடு:
குதறிய நூல், மீன் செதில், விளக்குத் திரி கொஞ்சம்,
ஒரு கைப்பிடி பார்லி உமி.

ஃபிக்ரி உமியை வெகுநேரம் பார்த்தார்.
அதன்பின் ஹூயைப் பற்றி யாரும் பேசவில்லை.

மூன்று மணிக்கு ஓர் அதிகாரி
வண்டியை விட்டு இறங்காமலே கேட்டார், "தங்கம் ஏதாவது?"
"உமி" என்றேன்.
வண்டிக் கண்ணாடி மேலே ஏறியது.

என் படிவத்தில் ஒரு கட்டம்:
வீட்டில் வசித்தவர், தெரிந்தால்.
இதுவரை எந்த வீட்டுக்கும் நிரப்பியதில்லை.
இன்று எழுதினேன், ஒரே சொல், பென்சிலில்.
பதாரி பார்த்தார். அழிக்கச் சொல்லவில்லை.
இன்று வியாழனும் இல்லை.

சாயங்காலம் கிடங்கில்
உமியை அட்டைப்பெட்டியில் வைத்து எண் எழுதினேன்.
வாசலில் செருப்பு மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த ஷஹ்ஹாத்
எட்டிப் பார்த்தார்.
"அட்டை வேண்டாம். தகர டப்பாவில் வை."

டப்பாவை அவரே தேடி எடுத்து வந்தார்.
மூடியை
இரண்டு முறை அழுத்தினார்.