தளர்நடை, நான்காம் தளம்

பன்னிரண்டு தவணை. இன்னும் ஒன்பது பாக்கி.
சொரோகாபாவிலிருந்து சாந்தோஸ் துறைமுகம் வரை
பேருந்தில் இருமுறை வாந்தியெடுத்தாள் மைதே.
கப்பலில் எடுக்கவேயில்லை.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
இனி வருவதெல்லாம் புகார் மாதிரிக் கேட்கும்.

எங்கள் அறைக்கு ஜன்னல் இல்லை.
ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு திரைச்சீலை,
விலக்கினால் சுவர்.
ஏழு நாளும் காலையில் எழுந்ததும்
அடெமார் அதை விலக்கிப் பார்த்தான்.

நீச்சல் குளங்கள் ஐந்து.
டயப்பர் கட்டிய பிள்ளைக்கு
ஐந்திலும் அனுமதியில்லை என்று
நான்கு மொழியில் ஒரு பலகை.
வாங்கி வந்த மஞ்சள் நீச்சலுடையை மாட்டி
லிப்டில் ஏறினோம், இறங்கினோம், ஏறினோம்.
தொட்டால் விளக்கெரியும் பதினான்கு பொத்தான்கள்.
அவளுக்கு அட்லாண்டிக் என்பது அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேசையில் குரிச்சிபாவிலிருந்து வந்த ஒரு தம்பதி.
"இந்த வயசில் இவளுக்கு எதுவும் நினைவிருக்காதே,
எதற்கு வீண் செலவு?"
நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினேன்,
ஓரம் வரை, மிக நிதானமாக.

ஏழு மணிக்கு அவள் தூங்குவாள்.
ஏழு மணிக்குத்தான் மேல்தளத்தில் எல்லாமே தொடங்கும்.
இருட்டறையில் இருமக்கூடப் பயந்து
நானும் அவனும் குளியலறைக்குள் போய்க்
கதவைச் சாத்திக்கொண்டோம்.
கழிப்பறை மூடிமேல் அவன்,
தரையில் துண்டை மடித்துப்போட்டு நான்.
பல்துலக்கும் கோப்பைகளில் வைன்.
அவள் பிறந்த பிறகு இவ்வளவு நேரம் பேசியதில்லை நாங்கள்.
மூன்றாம் இரவு அவன் சொன்னான்:
தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்டை எடுத்துவிடுகிறார்களாம்.
எப்போது தெரியும்?
டிக்கெட் வாங்கின மறுவாரம்.
காற்றாடி இரைந்துகொண்டேயிருந்தது.
சரி, என்றேன்.
நடுக்கடலில் வேறென்ன சொல்ல.

அறையைச் சுத்தம் செய்யும் கிரிசாந்தோ
துண்டில் ஒரு யானை மடித்துக்
கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனான்.
மைதே வீறிட்டாள்.
மறுநாள் அவளெதிரே மண்டியிட்டுத்
தும்பிக்கையைப் பிரித்தான், காதைப் பிரித்தான்,
ஒரே உதறு: துண்டு.
"மைஸ்" என்றாள். இன்னும் வேண்டுமாம்.
யானை. துண்டு. யானை. துண்டு.
பதினேழு அறை மிச்சமிருக்கிறது என்று அவன்தான் சொன்னான்,
சொல்லிவிட்டு எழுந்திருக்கவில்லை.

கடலைக் காட்டாமல் இல்லை.
கம்பிக்கு மேலே தூக்கிப் பிடித்து, பார், பார் என்றோம்.
"ஆகுவா" என்றாள்,
கோப்பைத் தண்ணீரைச் சொல்லும் அதே குரலில்.
பிறகு கீழே யாரோ சிந்திய
உருளைக்கிழங்கு வறுவலைப் பார்த்தாள்.

திரும்பும் வழியில், இல்யேயுஸ் தாண்டிய இரவு,
அலை கொஞ்சம் பலம்.
நீண்ட நடைவழி. கம்பளம் முழுக்க மீன்கள்,
எல்லா மீனும் கப்பலின் மூக்கைப் பார்த்து.
பெரியவர்கள் சுவரைத் தடவித் தடவிப் போனார்கள்.
மைதே என் விரலை விட்டாள்.
ஒன்று.
தரை எழுந்துவந்து பாதத்தை வாங்கிக்கொண்டது.
இரண்டு, மூன்று,
தரை சரிய அவளும் சரிந்து
இடுப்பை மறுபக்கம் எறிந்து
நான்கு.
அடெமார் கைபேசியைத் தேடி எடுப்பதற்குள்
ஒன்பது மீன் கடந்துவிட்டாள்.

சாந்தோஸ். காங்கிரீட், வெயில், பெட்டிகள்.
இறக்கிவிட்டேன். காலைத் தூக்கினாள்.
தூக்கியபடியே நின்றாள்.
தரைதானே வரவேண்டும்? வரவில்லை.
பொத்தென்று உட்கார்ந்தாள்.
அழுகையில்லை. துறைமுகத்தை
உள்ளங்கையால் தட்டினாள்,
தூங்குகிறவனை எழுப்புவதுபோல.
"மைஸ்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது.
அடெமார் பெட்டிகளை வைத்துவிட்டு
அவள் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.
அவனும் ஒருமுறை தட்டிப் பார்த்தான்.

பேருந்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.