ஒரு நிரல் குறைகிறது

பகலில் கோட்டையில் பிறர் கணக்கைச் சரிபார்த்தேன்.
இரவில் என் கணக்கு:
சீ.ஆர். கொப்பியின் நடுவே சிவப்புக் கோடு,
இடப்பக்கம் ஸ்பிட்ஃபயர்,
வலப்பக்கம் மெஸர்ஷ்மிட் நூற்றொன்பது.
வெள்ளவத்தை லொட்ஜின் மூன்றாம் மாடியில்
நாற்பதாம் ஆண்டின் கோடை
தொண்ணூற்றேழு வரை நீண்டது.

வேகம்: கிட்டத்தட்டச் சமம்.
நாலைந்து மைல் கூடக்குறைய,
அதுவும் எந்த உயரத்தில் என்று கேட்டால் மாறிவிடும்.
திரும்புவதில் இங்கிலீஷ்காரன்.
பலாவிலை போன்ற மெல்லிய இறக்கை,
தன் வாலைத் தானே பிடிக்கப்போவதுபோல் வளையும்.
பாய்வதில் ஜெர்மன்காரன்.
மூக்கைக் கவிழ்த்தால் கல்லாக விழுவான்,
எரிபொருளைப் பம்பு ஊட்டும், இயந்திரம் விக்காது.
இவனுக்கோ கார்புரேட்டர்:
தலைகுப்புறப் போன கணம் ஓர் இருமல்,
ஒரு வெறும் மௌனம்,
அதற்குள் அவன் கடலை நோக்கிப் போயிருப்பான்.
பிறகொரு பெண் பொறியியலாளர்
துளையிட்ட சின்னஞ்சிறு தட்டொன்றால்
அந்த இருமலைப் பாதி அடக்கினாள்.
இந்த வரியை எழுதிய இரவு
சம்பளம் கூடியதுபோல் இருந்தது எனக்கு.

மற்றக் கட்டிலுக்குத் தவயோகன் வந்தான்.
விசுவமடு. ஒரு பை, பொலிஸ் பதிவுத் துண்டு,
ஏஜென்சிக்காரனின் தொலைபேசி இலக்கம்.
மின்சாரம் போன ஒருநாள்
மெழுகுதிரியில் என் கொப்பியை முழுக்க வாசித்தான்.
"வடிவா எழுதியிருக்கிறியள்.
ஒரு நிரல் குறையுது."
"எது?"
"சத்தம் கேட்டதிலயிருந்து
பங்கருக்குள்ள குதிக்க எத்தினை செக்கன்?"

இவை சண்டை விமானங்கள் என்றேன்,
ஒன்றையொன்று துரத்துபவை, குண்டு போடுபவை வேறு.
"கீழ நிண்டு பாருங்கோ" என்றான்.

அவனுடைய அட்டவணை காதில் இருந்தது.
சகடை: இரைந்து இரைந்து வரும்,
தேத்தண்ணியைக் குடித்து முடிக்கலாம்.
புக்காரா: பிள்ளையைத் தூக்க நேரமுண்டு,
செருப்புக்கு இல்லை.
கிபிர்: சத்தம் பின்னால் வரும்.
கேட்டதென்றால் இருக்கிறோம்.

இரத்மலானையில் ஏறும் ஒவ்வொன்றுக்கும்
நித்திரையிலேயே அவனுடைய வலதுகால்
கட்டிலை விட்டு இறங்கும்.
பாதம் சீமெந்தைத் தொட்டதும்
கொழும்பு என்று அதற்குத் தெரியும்போல,
மெல்ல மேலே போகும்.
புத்தகங்களில் தேடினேன்.
எல்லாம் மேலே இருந்தவர்கள் எழுதியவை.

மார்கழியில் ஒரு சோதனை.
கீழ்மாடியில் சப்பாத்துகள்.
நான் அடையாள அட்டையைத் தேட,
அவன் கொப்பியைப் பார்த்தான்:
இரண்டு தமிழர், ஒரு அறை,
விமானங்களின் வேகம், ஏறும் வீதம், துவக்குகளின் எண்ணிக்கை,
அத்தனையும் கணக்காளனின் குண்டுமணிக் கையெழுத்தில்.
எந்தப் பாஷையில் விளக்குவது,
இந்தச் சண்டை முடிந்து ஐம்பத்திரண்டு வருடமென்று?

கக்கூசுக்குள் தாள்தாளாகக் கிழித்தான்.
மூன்று வாளி தண்ணீர்.
ஸ்பிட்ஃபயர் முதலில் போனது.
நூற்றொன்பது கொஞ்சம் மிதந்தது.
கதவைத் தட்டியவர்கள் உள்ளே வந்து
கட்டிலைப் புரட்டி, தலையணையைக் கொட்டி,
என் கல்குலேட்டரை மட்டும் நெடுநேரம் உற்றுப் பார்த்தார்கள்.

கொப்பி திரும்ப எழுதப்படவில்லை.
இலக்கங்கள் எனக்கு மனப்பாடம்,
ஆனால் கோடு போட அடிமட்டத்தை எடுத்தால்
எத்தனை நிரல் என்று கை நின்றுவிடும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு தபாலட்டை.
"மியூனிக் மியூசியத்தில உங்கட நூற்றொன்பது இருக்குது.
கிட்டத்தில பாத்தா சின்னன்.
ஒரு பிளேனுக்குப் பக்கத்தில
இவ்வளவு நேரம் நிண்டது இதுதான் முதல்தரம்.
சத்தமில்லை.
எண்டாலும் எண்ணினன்."

எத்தனை வரை என்று எழுதியிருக்கவில்லை.